ஊமையான ரிக்கார்டு பிளேயரைப் பேச வைப்பது எப்படி?



காவிரி பாயும் நம் சோழ நாட்டில் இசை கேளாத ஊர் இல்லை. மாரியம்மன் கோயில் காப்புக்கட்டு, மாதா கோயில் கொடியேற்றம், தர்கா கந்தூரி, கல்யாணம், காதுகுத்து என எந்த விசேஷமானாலும் ஒரு காலத்தில் முதலில் வந்து இறங்கியவர் மைக்செட்காரர்தாம். தென்னை மரத்தின் உச்சியில் கூம்புக் குழாயைக் கட்டிவிட்டு, ரிக்கார்டு பிளேயரின் மூடியைத் திறந்து தட்டைச் சுழல விடுவார். சீர்காழி கோவிந்தராஜனின் குரலும் நாகூர் ஹனீபாவின் குரலும் வயல்களைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். 1980களில் கேசட்டு வந்தது. பிறகு குறுந்தகடு வந்தது. இன்று எல்லாம் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. ரிக்கார்டு பிளேயர்கள் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

இன்று அதை இறக்கி மின்சாரம் கொடுத்தால் தட்டு சுற்றும், ஆனால் பாட்டு வராது. வந்தாலும் கரகரவென்று மூக்கால் அழும். உடனே நாம், "கெட்டுப் போய்விட்டது" என்று பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுகிறோம். பல வீடுகளில் கெட்டுப்போனது பெட்டி அன்று. கையின் நுனியில் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு சிறு துண்டுதான் கெட்டிருக்கும். அதற்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். ரேடியோ கடைக்காரர்கள் பிக்கப் என்றும் சொல்வார்கள். அது எப்படி வேலை செய்கிறது, நம் ஊரில் ஏன் சீக்கிரம் கெடுகிறது, அதை மாற்றுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தட்டில் இருப்பது என்ன?

இசைத்தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் மின்னும். அவை பல வட்டங்கள் அல்ல. வெளி ஓரத்தில் தொடங்கி நடுப்பகுதி வரை சுற்றிச் சுற்றிச் செல்லும் ஒரே ஒரு வரிப்பள்ளந்தான். நிமிடத்திற்கு 33⅓ சுற்றுச் சுற்றும் நீண்ட இசைத்தட்டு ஒரு பக்கம் 20 நிமிடம் பாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 667 சுற்று ஆகிறது. சராசரியாக ஒரு சுற்றின் நீளம் 65 செ.மீ. என்று கொண்டு பெருக்கினால் 430 மீட்டருக்கு மேல் வரும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஆறு முறை அடுக்கிய உயரத்தைவிட அது நீளம்!

அந்தப் பள்ளம் நேராகப் போவதில்லை. பாடகரின் குரல் அதிர்ந்தபடியெல்லாம் அதன் சுவர்களும் நெளிந்திருக்கும். ஊசி அப்பள்ளத்தில் நடக்கும்போது அதே நெளிவுகளில் தானும் ஆடுகிறது. ஊசியின் ஆட்டத்தை மின்சாரமாக மாற்றுவதே கார்ட்ரிட்ஜின் வேலை. அந்த மின்சாரத்தை ஆம்பிளிபையர் பெரிதாக்குகிறது. ஒலிபெருக்கி அதை மறுபடியும் ஓசையாக்குகிறது.

உப்புக்குள் ஒளிந்திருக்கும் மின்சாரம்

ஆட்டம் எப்படி மின்சாரமாகும்? சமையலறைக்குப் போய் கேஸ் லைட்டரை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அதில் மின்கலம் கிடையாது. ஆனாலும் பொறி பறக்கிறது. உள்ளே உள்ள ஒரு துண்டின் மேல் சட்டென்று அடி விழுவதால் அதில் மின்னழுத்தம் உண்டாகிறது. சில படிகங்களை அழுத்தினாலோ வளைத்தாலோ மின்சாரம் தோன்றும் என்பதை 1880இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும் கண்டறிந்தார்கள். பியேர் கியூரிதான் பின்னாளில் மேரி கியூரி அம்மையாரின் கணவரானவர். அச்சகோதரர்கள் இந்தக் குணத்தைக் கொண்டு அமைத்த கருவியின் உதவியால்தான் மேரி அம்மையார் கதிரியக்கத்தை அளந்தார். லைட்டருக்குள் இருப்பதும் கதிரியக்கத்தை அளந்த கருவியில் இருந்ததும் அதே தத்துவந்தான்.

கியூரி சகோதரர்கள் சோதித்த படிகங்களுள் ஒன்று ரோஷல் உப்பு. பிரான்சு நாட்டு லா ரோஷல் நகரத்தில் மருந்து தயாரிப்பவர் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் செய்த உப்பு ஆதலால் அதற்கு அப்பெயர் வந்தது. வேதியியலில் அதைப் பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட் என்பர். மேல்நிலை வகுப்பு அக்காமார்களுக்கு இது பழகிய பொருள்தான். சர்க்கரையைச் சோதிக்கும் பெலிங் கரைசலில் இந்த உப்பு இருக்கிறது. சிறிது வளைந்தாலே நிறைய மின்னழுத்தம் தரக்கூடியது என்பதால், பழைய மலிவு விலை ரிக்கார்டு பிளேயர்களில் இந்த உப்பின் மெல்லிய படிகத் துண்டையே வைத்தார்கள். 'கிரிஸ்டல் பிக்கப்' என்பது இதுதான்.

நம் ஊரில் ஏன் கெடுகிறது?

'ஈரப்பதம்' என்ற சொல் நம் பகுதிக் குழந்தைகளுக்கும் தெரியும். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் முதலில் பார்ப்பது அதைத்தானே! 17 சதவீதம் தாண்டினால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாலையெங்கும் நெல்லைக் கொட்டி அப்பா மார்களும் சித்தப்பாமார்களும் வானத்தைப் பார்த்தபடி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

நெல்லுக்குப் பகையான அதே ஈரந்தான் ரோஷல் உப்புக்கும் பகை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உப்பு ஜாடிக்குள் கல்லுப்பு நீர்விடுவதைப் போல, இந்தப் படிகமும் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கரையத் தொடங்கும். இது ஒரு பக்கம். சித்திரை, வைகாசியில் இன்னொரு தொல்லை. ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இந்த உப்பு தன் படிகத்திலுள்ள நீரிலேயே உருகிச் சிதைந்துவிடும். அக்கினி நட்சத்திர வெயிலில் மூடிய காருக்குள்ளோ தகரக் கூரைக்கு அடியிலோ வைத்த பெட்டிக்கு அந்தச் சூடு எட்டாததன்று.

கூடவே மூன்றாவது கேடு ஒன்றும் உண்டு. ஊசியையும் படிகத்தையும் இணைப்பது ஒரு சிறு ரப்பர் துண்டு. ஆண்டுகள் ஆக ஆக அது கல்லைப் போல் இறுகிவிடும், அல்லது கருப்பட்டிப் பாகுபோல் இளகிவிடும். அப்போது படிகம் நன்றாக இருந்தாலும் ஊசியின் ஆட்டம் அதற்குப் போய்ச் சேராது.

கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பது நம் வழக்கம். கார்ட்ரிட்ஜுக்கு அந்த வைத்தியம் வேண்டாம். கரைந்த படிகம் காய்ந்தாலும் பழைய உருவம் பெறாது. அரிசித் தவிடு ஊசியில் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சமாகும். கிரிஸ்டல் இறந்துவிட்டால் மாற்றுவது ஒன்றே வழி.

1940களுக்குப் பிறகு பேரியம் டைட்டனேட் போன்ற பொருள்களைச் சூளையிலிட்டுச் செய்த பீங்கான் வகைத் துண்டுகள் வந்தன. இவை ரோஷல் உப்பைப்போல் ஈரத்தில் கரைவதில்லை. இவற்றைக் கொண்டு செய்ததே செராமிக் கார்ட்ரிட்ஜ். இன்று கடைகளில் விற்கும் சிறு பெட்டி வடிவப் பிளேயர்கள் பலவற்றில் இருப்பது இந்த வகையே. ஆகவே நம் ஊருக்கு ஏற்றது செராமிக் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஊசிதானே என்று விட்டுவிடலாமா?

கூடாது. இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான். கார்ட்ரிட்ஜ் கெட்டால் வேறு வாங்கலாம். கெட்ட ஊசியால் தட்டு கெட்டால் அதற்கு வேறு கிடைக்காமல் போகலாம்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று படித்திருக்கிறோம். ஊசியின் எடை சில கிராம்தான் என்றாலும் அது நிற்கும் இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. எனவே பள்ளத்தின் சுவர் தாங்கும் அழுத்தம் மிகப் பெரியது. ஊசி முனை உருண்டையாக வழவழப்பாக இருக்கும் வரை பள்ளம் பொறுத்துக்கொள்ளும். தேய்ந்து பட்டை விழுந்துவிட்டால் அதே முனை உளியாகிவிடும். குரலைக் கேட்டுக்கொண்டே அந்தக் குரலைச் செதுக்கி எறிந்துவிடுவோம்.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவருடைய நாகசுரத்தில் பிறந்த தோடி ராகத்தை இன்று நாம் கேட்க முடிகிறதென்றால் 78 சுற்றுத் தட்டுகள் அதைக் காத்து வைத்தமையால்தான். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடந்தான் அவற்றில் இடம். புகழ்பெற்ற தட்டுகளைப் பலர் வேறு நாடாக்களிலும் கணினியிலும் பதிந்துவிட்டார்கள். அவ்வளவு புகழ் பெறாத பாடகர்கள், நாடகக்காரர்கள், வில்லுப்பாட்டுக்காரர்கள் ஆகியோரின் தட்டுகளோ எங்கோ ஒரு பரணில் சில பிரதிகளே இருக்கலாம். அந்தப் பிரதியின்மேல் எந்த ஊசியை வைக்கிறோம் என்பது சிறிய காரியமா?

பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய பெட்டிகள் சிலவற்றில் உள்ளிருக்கும் தகட்டிலேயே மின்சாரம் பாயலாம். ஆகவே பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். மூடியைக் கழற்றும் வேலையைப் பெரியவர்களோ ரேடியோ மெக்கானிக்கோ செய்யட்டும்.

1. பூதக்கண்ணாடியால் ஊசியைப் பாருங்கள். வளைந்திருக்கிறதா, முனை உடைந்திருக்கிறதா, பஞ்சுபோல் தூசு சுற்றியிருக்கிறதா? தூசு மட்டும் என்றால் மெல்லிய தூரிகையால் பின்புறத்திலிருந்து முன்புறமாகத் தடவி எடுத்தால் போதும்.

2. பெட்டியை ஓடவிட்டு, ஒலியைக் குறைவாக வைத்து, உலர்ந்த தூரிகையின் மயிரால் ஊசியை மிக மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் 'கரகர' என்று கேட்டால் படிகத்துக்கு உயிர் இருக்கிறது, ஊசியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்றுமே கேட்காவிட்டால் அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

3. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்ட்ரிட்ஜின் பின்னுள்ள சிறு கவ்விகளைப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தாலோ கம்பி அறுந்திருந்தாலோ கார்ட்ரிட்ஜ்மேல் பழி போடக் கூடாது. கவ்வியைக் கழற்றிவிட்டு மீட்டரால் கம்பியின் இரு முனைகளுக்கும் தொடர்பு உண்டா என்று சோதிக்கலாம்.

4. கம்பி நன்றாக இருந்து, ஆம்பிளிபையரும் வேறு கருவியின் பாட்டைப் பாடுகிறது என்றால் குற்றவாளி கார்ட்ரிட்ஜ்தான்.

புதியது வாங்கும்போது

கடைக்காரரிடம் "ஒரு ஊசி கொடுங்கள்" என்றால் போதாது. நான்கு செய்திகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலாவது, வகை. கிரிஸ்டலும் செராமிக்கும் அரை வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தரக்கூடியவை. விலையுயர்ந்த பிளேயர்களில் உள்ள காந்தக் கார்ட்ரிட்ஜோ சுமார் 5 மில்லிவோல்ட்தான் தரும். நூறில் ஒரு பங்கு! ஆகவே கிரிஸ்டல் இருந்த பெட்டியில் காந்தத்தை வைத்தால், இடையில் தனி ஆம்பிளிபையர் இல்லாமல் முணுமுணுப்புத்தான் கேட்கும். கிரிஸ்டலுக்குப் பதில் செராமிக் வைப்பதே சுலபம்.

இரண்டாவது, தட்டின் வயது. 78 சுற்று அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. நீண்ட இசைத்தட்டின் பள்ளம் குறுகலானது. முன்னதற்கான ஊசி பின்னதைவிட ஏறக்குறைய 3 மடங்கு பருமன். பழைய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் ஒரு சிறு நெம்புகோலைத் திருப்பினால் ஊசி மாறும். இரண்டு வகைத் தட்டும் வைத்திருப்பவர்கள் இரண்டு ஊசியும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக மாற்றுவது முறை. அந்த ஊசியை நீண்ட இசைத்தட்டின்மேல் வைத்தால் உழவு ஓட்டியதுபோல் ஆகிவிடும்.

மூன்றாவது, மோனோவா ஸ்டீரியோவா என்பது. ஸ்டீரியோத் தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டுமன்றி மேலும் கீழும் ஆட வேண்டும. பழைய மோனோப் பிக்கப் அப்படி ஆடாது, பள்ளத்தைக் கீறிவிடும். ஸ்டீரியோ வாங்கினால் இரண்டு வகைத் தட்டுக்கும் பாதுகாப்பு.

நான்காவது, முனை. நீலக்கல் முனை சில பத்து மணி நேரத்தில் தேயும். வைர முனை சில நூறு மணி நேரம் உழைக்கும். வைரம் என்றதும் பயப்பட வேண்டாம், அது தொழிற்சாலை வைரத்தின் ஒரு துகள்தான். கூடுதலாகக் கொடுக்கும் பணம் தட்டுக்கு நாம் செய்யும் காப்பீடு.

மாட்டும் முறை

பழைய கார்ட்ரிட்ஜ் எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதை முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஸ்டீரியோவில் நான்கு கம்பி இருக்கும். பொதுவாக வெள்ளையும் நீலமும் இடது பக்கத்துக்கு, சிவப்பும் பச்சையும் வலது பக்கத்துக்கு. சில பெட்டிகளில் நிறம் மாறியிருக்கும், அதற்காகத்தான் படம்.

ஊசியின் மேல் உள்ள உறையைக் கழற்றாமலே வேலை செய்ய வேண்டும். கவ்விகளைச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். கம்பியைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். பின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினால் பழையது கையோடு வந்துவிடும். பல கார்ட்ரிட்ஜ்களில் திருகாணித் துளைகளின் இடைவெளி அரை அங்குலமே. சிறு பெட்டிகளில் திருகாணி இல்லாமல் கவ்வி மட்டும் இருப்பதும் உண்டு. புதியதை அதே இடத்தில் வைத்து, ஊசி முனை பழைய இடத்துக்கே வரும்படி நகர்த்தித் திருகுங்கள்.

கார்ட்ரிட்ஜில் கவ்வியைச் செருகியபடியே ஈயம் பற்றவைக்கக் கூடாது. அந்தச் சூடு கம்பி வழியே ஏறிப் படிகத்தைக் கொன்றுவிடும். கவ்வியைத் தனியே பற்றவைத்து, ஆறியபின் செருகுவதே சரி.

அடுத்தது எடை. செராமிக் வகைக்குப் பெரும்பாலும் 5 கிராம் அளவிலும், காந்த வகைக்குப் பெரும்பாலும் 2 கிராம் அளவிலும் இருக்கும். கார்ட்ரிட்ஜோடு தரும் தாளில் எழுதியிருப்பதையே பின்பற்ற வேண்டும். நகை எடைபோடும் சிறு மின்னணுத் தராசில் ஊசியை வைத்துப் பார்க்கலாம். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. இலேசான ஊசி பள்ளத்தில் நில்லாமல் துள்ளிச் சுவரை மோதும்.

கடைசியாக, ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சுழலாத மேடையில் வைத்து அதன்மேல் ஊசியை இறக்கி, முன்னிருந்து பாருங்கள். ஊசியும் கண்ணாடியில் தெரியும் அதன் நிழலும் ஒரே நேர்கோடாக இருந்தால் சரி. முறிந்த கோடாகத் தெரிந்தால் கார்ட்ரிட்ஜ் சாய்ந்திருக்கிறது. முதல் சோதனைக்குப் பழைய, கீறல் விழுந்த தட்டையே பயன்படுத்துங்கள்.

நாங்கள் கண்டது

இவற்றையெல்லாம் நாங்கள் படித்ததோடு நிறுத்தவில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா திருவையாற்றுப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர். அவர் மறைந்த பிறகு பெட்டியும் முப்பது தட்டுகளும் பரணிலேயே இருந்தன. "கரகரன்னு கத்துச்சு பாப்பா, அப்புறம் அதுவும் நின்னு போச்சு. அதான் மூடி வெச்சுட்டோம்" என்றார் அவளுடைய அப்பாயி.

ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் எங்கள் முன்னிலையில் அந்தக் கார்ட்ரிட்ஜைப் பிரித்துக் காட்டினார். உள்ளே படிகம் இருந்த இடத்தில் நனைந்த சுண்ணாம்புபோல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நாங்கள் பாடத்தில் படித்த உப்பு அதுதான்! அவர் செராமிக் ஒன்றை மாட்டினார். கம்பிகளின் படத்தை வரைந்ததும், தராசைப் படித்ததும், கண்ணாடி வைத்துப் பார்த்ததும் நாங்கள்.

பாட்டு வந்தது. முதல் தட்டு முடியும் வரை அப்பாயி ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவருக்குப் பிடிச்ச தட்டு ஒண்ணு இருக்கு, அதைப் போடு" என்று ஓர் அரக்குத் தட்டை எடுத்துக் கொடுத்தார். அதைச் சாய்த்துப் பார்த்த பெரியவர் தலையை அசைத்தார். முன்பொரு விடுமுறையில் பேரப்பிள்ளைகள் பிளேயரில் தையல் ஊசியைச் செருகி ஓட்டிப் பார்த்தார்களாம். முதல் பாதி முழுவதும் பள்ளம் வெளுத்துக் கிடந்தது. ஊசியை இறக்கியபோது இரைச்சல்தான் வந்தது. பாதிக்குமேல் போனபின் பாட்டு தெளிவாகக் கேட்டது. அந்த முதல் பாதியை இனி எந்தப் புது ஊசியாலும் கொண்டுவர முடியாது. அப்பாயியோ, "இதாவது கிடைச்சுதே" என்று தட்டை முந்தானையால் துடைக்கப் போனார். நாங்கள்தாம் மெல்லத் தடுத்து, மென்மையான துணியைக் கொடுத்தோம்.

காக்கும் வழி

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். பிளேயரைப் பரணில் வைக்காமல் காற்றோட்டமான அலமாரியில் வைத்து, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போடுங்கள். மாதம் ஒரு முறையாவது ஓடவிடுங்கள்.

போகிப் பண்டிகைக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய ரிக்கார்டு பிளேயர் ஒன்று கையில் அகப்பட்டால், தோழியரே, இரண்டு காரியங்களை மட்டும் செய்யாதீர்கள். அதைத் தூக்கி எறியாதீர்கள். பாடுகிறதா பார்ப்போம் என்று உடனே ஒரு தட்டையும் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து ஊசி முனையைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.